நனைத்துப் போட்ட கார்பன் துணி

அண்ணன் வளைகுடாவிலிருந்து கடைசியாக வந்தபோது பெட்டியில் சாக்லேட் இல்லை, சென்ட் இல்லை. கறுப்பாக ஒரு துணிச்சுருள்தான் இருந்தது.

"என்னண்ணே இது, சாக்கா?"

"கார்பன் ஃபைபர்ட்டி. சாக்காம்லா, சாக்கு! ஒனக்குத் தையல் கடை ஒரு கேடு."

அங்கே அவனுக்கு அதுதான் வேலை. பணக்காரர்களின் காரில் கியரைச் சுற்றி இருக்கும் சட்டம், கதவில் சுவிட்சு இருக்கும் பட்டை இதையெல்லாம் கழற்றி, மேலே இந்தத் துணியை ஒட்டி, கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி மாட்டிக் கொடுப்பது. ஊரான் காரையெல்லாம் அப்படி ஜோடித்தவனுடைய சொந்தக் கார், போன லீவில் வாங்கிய பழைய வண்டி, குத்துக்கல்வலசை வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இந்த முறை அவன் லீவில் வரவில்லை. ஈரலில் கட்டி. ஒரு சொட்டு குடிக்காத மனுஷன். துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து, "குடிப்பாப்லயோ?" என்று கேட்டவர்களை நான் வாசலோடு அனுப்பியிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. தன் காருக்குத் தன் கையால் அந்த வேலையைச் செய்யவேண்டும். அப்புறம் அவனே ஓட்டிக்கொண்டு, மதினியையும் என்னையும் ஏற்றிக் குற்றாலம் போகவேண்டும். "மத்தவன் வண்டியில இடிபட்டுப் போனதெல்லாம் போதும்ட்டி" என்றான்.

பசையை ஆன்லைனில் வரவழைத்தான். பட்டைகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். கத்தரி பிடிக்கக் கை நடுங்கியதால் வெட்டும் வேலை எனக்கு வந்தது. பெருமையாகத்தான் இருந்தது. புதுத் துணி கையில் கிடைத்தால் தையற்காரி முதலில் என்ன செய்வாள்? பிறகு சுருங்கிவிடக்கூடாது என்று தண்ணீரில் முக்குவாள். நானும் பாதித் துணியை வாளியில் முக்கி, முறுக்கிப் பிழிந்து, நைட்டிக்கும் பாவாடைக்கும் நடுவில் கொடியில் காயப்போட்டுவிட்டேன்.

அண்ணன் வெளியே வந்து பார்த்தான்.

"ஏட்டி கூறுகெட்டவளே, கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டுருதியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. சத்தம் கேட்டு மதினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவன் வந்ததிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. என்ன ஏது என்று கேட்காமல் அவளும் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிழிந்த துணியில் நெசவு கோணிப்போயிருந்தது. மீதிப் பாதியைச் சுற்றி டேப் ஒட்டி, நூல் பிரியாமல் வெட்டினேன். கட்டம் போட்ட துணியில் கட்டம் சேர்ப்பதுபோல ஒரு பட்டையின் கோடு அடுத்த பட்டையின் கோட்டோடு சேரவேண்டும் என்றான். அது எனக்கு வரும். சேர்த்தேன்.

ஆனால் சாரல் கெடுத்தது. தென்காசியே சாரலுக்காகக் காத்துக்கிடக்கும். அந்த வருஷம் நான் ஒருத்திதான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஈரக்காற்றில் பசை இறுகவில்லை. தொட்டால் ஒட்டியது, பால் ஊற்றினாற்போல வெளுத்தது.

"சீசன் முடியட்டும்ணே, வெயில்ல வச்சுப் பாப்போம்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. என் சவத்த வாய்!

வெளுத்ததைச் சுரண்டிவிட்டு, ஒரு அட்டைப்பெட்டிக்குள் பட்டைகளை வைத்து, கோழிக்குஞ்சுக்குப் போடுவதுபோலக் குண்டு பல்பைப் போட்டோம். மறுபடி பசை, மறுபடி பல்பு. பெட்டியை அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான். பசை இறுக இறுக அவன் கால் வீங்கிக்கொண்டு வந்தது. எது முந்தும் என்று மூன்று பேருமே உள்ளுக்குள் கணக்குப் பார்த்தோம், வாய்விட்டுச் சொல்லவில்லை.

பட்டைகள் முந்திவிட்டன. மாட்டிய அன்று காருக்குள் எட்டிப் பார்த்தால் அப்படி ஒரு மினுக்கம். கறுப்புக்குள் நெசவு ஓடி ஓடித் தெரிந்தது. "மொதலாளி வண்டி மாதிரி இருக்குல்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். "அவன் வண்டியெல்லாம் இதுக்கிட்ட வருமா?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாளே கிளம்பினோம். மதினி துண்டும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள், நான் முன்னால். அண்ணன் சாவியைத் திருப்பினான். கிளட்சை மிதித்தான். வீங்கிய கால் பாதிதான் இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. இன்னொரு தரம். அதற்கடுத்த தரம் இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்து அழுத்தினான். நான் வெளியே திரும்பி மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கமுடியவில்லை.

அவன் சாவியை எடுத்துவிட்டான்.

"இன்னைக்கு வேண்டாம்ட்டி. அங்கன கூட்டம் அள்ளும். நிம்மதியா ஒரு குளி குளிக்க முடியாது."

அன்று செவ்வாய்க்கிழமை.

"ஆமாண்ணே, அந்தக் கூட்டத்துல மனுஷன் போவானா?" என்றேன்.

பின்னாலிருந்து மதினி சொன்னாள், "ஞாயித்துக்கெழமை போவோம். அன்னைக்குன்னா கூட்டம் இருக்காது."

சீசனில் ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் கால் வைக்க இடமிருக்காது. பிறந்ததிலிருந்து அருவிக்குப் பக்கத்திலேயே வாழ்கிறவள் அவள். அண்ணன் அவளைத் திருத்தவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து, "சரி, ஞாயித்துக்கெழமை" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்புறம் வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.