பைக்கில் ஏறிய பத்து லிட்டர்

தண்ணீர் குடிப்பது எனக்குப் பிடிக்காத வேலை. காரணம் எளிது. குடித்தால் ஒதுங்க வேண்டும், ரோட்டில் பெண்ணுக்கு ஒதுங்க இடம் கிடையாது. ஆண்பிள்ளைகள் ஒரு புளியமரத்தைப் பார்த்தால் போதும், இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டிவிடுவார்கள். நான் காலையில் தேனியில் ஒரு காபி குடித்துவிட்டு ஓசூர் வரை வாயைக் கட்டிக்கொண்டு ஓட்டுவேன். பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். கடைசியில் இடது சிறுநீரகத்தில் ஒரு கல் வந்து உட்கார்ந்தது.

ஹம்பி போய்விட்டுத் திரும்பும்போது கரூர் தாண்டி அது உருண்டது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்ற முடியாமல் ரோட்டோர மண்ணில் நானும் உருண்டேன். சுற்றி நாலு பேர் நின்றார்கள். அதில் ஒருத்தன் வண்டி எவ்வளவு மைலேஜ் கொடுக்கும் என்று கேட்டான். வலி இல்லாமல் இருந்திருந்தால் அவனை அடித்திருப்பேன்.

தேனியில் எனக்குப் பம்பு மோட்டார் உதிரிபாகக் கடை. நாள் முழுக்க அடுத்தவன் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏற வழி சொல்கிறவளுக்கு, தன் தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை என்று டாக்டர் சிரித்தார். பிறகு சொன்னார், சீட்டிலும் அப்படியே எழுதினார்: "ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிக்கணும். முடியலன்னா வண்டிய வித்துருங்க."

என் வீட்டுக்காரர் காதில் இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. ஆபீசில் பைல் பார்க்கிற மனுஷன். எதுவும் எழுத்தில் இருந்தால்தான் நம்புவார். டாக்டர் சீட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டார். நானோ வருடக் கடைசியில் குஜராத்தில் கட்ச் உப்புப் பாலைவனம் வரை போகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். நாற்பத்தெட்டு வயதில் இதை விட்டால் அப்புறம் எப்போது? ஒரு வாரம் வீட்டில் சண்டை. கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு நாள் ஓட்டிக் காட்டு. காலையில கிளம்பி லோயர் கேம்ப் வரைக்கும் போய்ச் சுத்திட்டு சாயங்காலம் வா. நாலு லிட்டர் குடிச்சிருக்கணும். குடிச்சா கட்சுக்குப் போ. குடிக்கலன்னா சீட்டுல உள்ளபடி வண்டிய விக்கணும்."

"சரி. பேச்சு மாறக் கூடாது."

"நான் எப்ப மாறுனேன்?"

அன்று சாயங்காலமே ஒரு ஜக் வாங்கி வந்தார். சிவப்பு நிறம், வெள்ளை மூடி, அடியில் ஒரு குழாய், பத்து லிட்டர். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் வைக்கிற சாமான். நாலு லிட்டர் குடிக்கப் பத்து லிட்டர் எதற்கு என்று கேட்டேன். வழியில் தண்ணீர் கிடைக்காத ஊர் இருக்கும் என்றார். அது நியாயம். பிளாஸ்டிக் பாட்டில் வெயிலில் வெந்து நாறும், இதில் சில்லென்று இருக்கும். அதுவும் நியாயம். ஆனால் பத்து லிட்டர் என்றால் பத்துக் கிலோ. அதை வண்டியில் எங்கே வைப்பது?

பெரியகுளம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. பால்காரர்கள் பைக்குக்குக் கேன் கொக்கி, திராட்சைத் தோட்டத்துக்காரர்களுக்கு மருந்து டேங்க் ஸ்டாண்ட், இரண்டும்தான் அங்கே அதிகம் ஓடுகிற வேலை. பட்டறைக்காரர் என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"லெஃப்ட்ல ஒரு கொக்கி போட்டு மாட்டிருவோம்க்கா. பால்கேன் மாதிரி."

"நான் என்ன பால் ஊத்தவா போறேன்? ஒரு பக்கம் மட்டும் பத்துக் கிலோ தொங்குனா வண்டி இழுத்துக்கிட்டு வயலுக்குள்ள போயிரும்."

"அப்ப ரைட்ல இன்னொரு ஜக்கு மாட்டுங்க."

"அதுல என்ன ஊத்த? மோரா?"

"அது உங்க பாடு. கொக்கி என் பாடு."

கத்திக் கத்தித்தான் அவரை வழிக்குக் கொண்டுவந்தேன். பின் கேரியர் மேல் ஆங்கிள் இரும்பில் ஒரு சதுரச் சட்டம், அதற்குள் பழைய டியூப் ரப்பர் வைத்து ஜக்கை இறக்கி, லாரிக்காரர்கள் சரக்குக் கட்டுகிற பெல்ட்டால் இறுக்கினோம். முதல் தடவை சட்டம் சின்னதாகிவிட்டது, ஜக் இறங்கவில்லை. இரண்டாவது தடவை பெரிதாகிவிட்டது, உள்ளே ஆடியது. மூன்றாவது தடவை அளவு நாடாவை நானே பிடித்தேன்.

பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். பாதி நிரம்பிய ஜக் முழு ஜக்கைவிட மோசம். பிரேக் பிடித்தால் தண்ணீர் முன்னே பாய்ந்து வண்டியை ஒரு தள்ளு தள்ளும். வளைவில் நான் ஒரு பக்கம் சாய்ந்தால் அது யோசித்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகச் சாயும். கல்யாண வீட்டில் குடித்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்ட சொந்தக்காரன் மாதிரி. ஆக, கிளம்பும்போது முட்ட நிரப்பவேண்டும், குறையக் குறைய வேகத்தையும் குறைக்கவேண்டும். குழாய் பின்பக்கம் பார்த்து இருந்தது, நின்று பிடிக்க வசதி. வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஓட்டை போட்டு, சங்கிலி கோத்து, ஜக்கின் கைப்பிடியில் கட்டினார்.

"எதுக்கு இது?"

"வழியில விழுந்துரும்ல."

அந்தச் சங்கிலிதான் என் காலை வாரிவிட்டது.

நான் தேர்ந்தெடுத்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்தது. தேனியில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் ஹெல்மெட்டுக்குள் நாலு லிட்டர் கணக்கு மட்டும்தான் ஓடியது. வீரபாண்டியில் முதல் டம்ளர், சின்னமனூருக்குள் ஒரு லிட்டர், கம்பத்துக்குள் இரண்டு. ஏழரை மணிக்கு வீரபாண்டி. ரோடு முழுக்க மனிதத் தலை. கூட்டம் நகரட்டும் என்று ஒரு வேப்பமரத்து ஓரம் வண்டியை நிறுத்தி, இறங்கி, குழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தேன்.

திருவிழாவில் அந்த ரோட்டில் வேண்டுதல்காரர்கள் தண்ணீர் ஊற்றுவார்கள், மோர் ஊற்றுவார்கள், பானகம் ஊற்றுவார்கள். குழாய் வைத்த பெரிய பாத்திரம், சங்கிலி கட்டிய டம்ளர், பக்கத்தில் ஒரு பொம்பளை. இதை வேறு என்னவென்று நினைப்பார்கள்?

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஒரு கை நீண்டது. "ஆத்தா, இங்கன ஒரு டம்ளர் குடு." அக்கினிச் சட்டி ஏந்திய ஒரு பெண்ணுக்குத் துணையாக வந்தவள். சட்டிக்காரியின் உதடு வெடித்திருந்தது. இரண்டு கையிலும் நெருப்பு. அவளிடம் இது என் மருந்து என்று எப்படிச் சொல்வது? கொடுத்தேன். துணைக்காரி அவள் வாயில் ஊற்றினாள். நிமிர்ந்து பார்க்கும்போது பின்னால் பத்துப் பேர்.

"இது நான் குடிக்கக் கொண்டாந்த தண்ணி," என்றேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒருவர், இடுப்பில் துண்டு கட்டியவர், தலையாட்டினார். "எல்லாரும் அப்படித்தான் ஆத்தா. அவுகவுக வீட்டுத் தண்ணியத்தான் ஊத்துவாக." அத்தோடு விடவில்லை. வரிசையை ஒழுங்குபடுத்தும் பதவியையும் அவரே எடுத்துக்கொண்டார். "ஏலே, ஒவ்வொருத்தரா வாங்கடா! ஆத்தா ஒத்தையா நிக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?"

ஓசித் தண்ணீர் குடித்துவிட்டுக் குறை வேறு சொன்னார்கள்.

"மோர் இல்லையா?"

"இல்ல."

"போன வருசம் இங்கன மோர் ஊத்துனாக."

"அவுககிட்டயே போய்க் கேளுங்க."

"என்ன ஆத்தா, சாமி காரியத்துல இம்புட்டுக் கோவப்படுற?"

ஒருத்தி என் முழங்கால் கவசத்தையும் ஜாக்கெட்டையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது என்ன வேண்டுதல்?" என்று கேட்டாள்.

"கிட்னியில கல்லு."

"கரைஞ்சிரும் ஆத்தா, கரைஞ்சிரும்," என்று வரிசையே சொன்னது. ஒருத்தர் வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னார். இன்னொருத்தி பெல்ட்டில் வேப்பங்கொத்து சொருகினாள். பத்து லிட்டரும் தீர்ந்தது. அப்பாடா என்று ஹெல்மெட்டை எடுத்தேன். எதிர்ப் பந்தலிலிருந்து ஒருவர் குடத்தோடு ஓடிவந்தார். "பாதியில தீந்தா வேண்டுதலுக்கு ஆகாது!" என்று மூடியைத் திறந்து மறுபடி நிரப்பினார். அதுவும் தீர்ந்தது. ஒன்பதரை மணிக்குத்தான் துண்டுக்காரர் நாலு பேரை விட்டு வண்டியைத் தள்ளி வெளியே விட்டார். அதுவரை நான் குடித்தது ஒன்றரை டம்ளர்.

சின்னமனூரில் ஒரு டீக்கடை முன் உட்கார்ந்து யோசித்தேன். ஜக் காலி. சாயங்காலம் வரை எங்கேயாவது படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், இதோ காலி என்று காட்டலாம். அந்த மனுஷன் நம்பிவிடுவார். ஆனால் கட்ச் போகிற வழியில் கல் உருண்டால், மண்ணில் உருளப்போவது அவரா? நான்தானே. டீக்கடைக்காரரிடம் கேட்டு ஜக்கை நிரப்பினேன். அங்கேயே நின்று மூன்று டம்ளர் குடித்தேன். மீதிக்கு நேரம் குறைவு, ஊருக்கு ஊர் நின்று குடித்தேன்.

குடித்தது வேலையைக் காட்டியது. உத்தமபாளையம் தாண்டி, அனுமந்தன்பட்டிக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்.

"பாத்ரூம் பூட்டியிருக்குக்கா. சாவி மேனேஜர்கிட்ட."

"மேனேஜர் எங்க?"

"சாப்பிடப் போயிருக்காரு."

"மணி பதினொண்ணு. இது எந்த வேளைச் சாப்பாடு?"

தலையைச் சொறிந்தார். "உள்ள சாமான் போட்டு வச்சிருக்கோம்க்கா."

"எடுத்து வெளிய வை. நான் இங்கனயே நிக்கிறேன். பின்னால பாரு, இன்னும் ஒம்பது லிட்டர் இருக்கு. நீ எடுக்குற வரைக்கும் குடிச்சுக்கிட்டே நிப்பேன்."

சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. உள்ளேயிருந்து ஆயில் டின், துடைப்பம், ஒரு லாரி டயர், உடைந்த நாற்காலி எல்லாம் வெளியே வந்தன. இருபது வருடமாக நான் வாயைக் கட்டியது ஒரு லாரி டயருக்காகவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் எனக்குக் கூச்சம் விட்டுப்போனது. கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் ஜாக்கெட்டோடு நுழைந்தேன். "பொண்ணு வீடா, மாப்ள வீடா?" என்றார்கள். "பொண்ணு வீடு, பாத்ரூம் எங்கன?" என்றேன். வழி காட்டினார்கள், திரும்பி வரும்போது கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்தார்கள். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வீடு ஒன்றில் வண்டியை நிறுத்தியதும், "மருந்தடிக்க வந்தீகளா? அவுக நாளைக்கில்ல வரச் சொன்னாக?" என்று ஒரு அம்மாள் ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளே விட்டாள், போகும்போது ஒரு குலையும் கொடுத்தாள். லோயர் கேம்ப்பில் ஒரு மலையாள லாரி டிரைவர், "சேச்சி, வெள்ளம் உண்டோ?" என்றார். ஒரு டம்ளர் கொடுத்து, அதைக் கணக்கில் கழித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு வீடு. வீட்டுக்காரர் வாசலில் நின்றார். ஜக்கைத் தட்டிப் பார்த்தார். வேப்பங்கொத்தைப் பார்த்தார்.

"சோதனை செல்லாது. வீரபாண்டியில பாதிச் சனம் குடிச்சிருக்கு. மூணு பேரு போன் போட்டுச் சொல்லிட்டாக."

"அப்புறம் சின்னமனூர்ல நிரப்பி நான் குடிச்சேன். நாலு லிட்டர், ஒரு டம்ளர் கூடவே."

"எழுத்துல இருக்கா?"

"தண்ணி குடிச்சதுக்கு எவன் எழுதிக் குடுப்பான்? வேணும்னா எங்கெங்க ஒதுங்குனேன்னு சொல்றேன், எழுதிக்கிறீகளா?"

கத்தினேன். அவர் நிஜமாகவே பேனாவை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். பங்க், லாரி டயர், கல்யாண மண்டபம், திராட்சைத் தோட்டம், லோயர் கேம்ப்பில் ஒரு ஹோட்டல், திரும்பும்போது கூடலூரில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வீடு, மறுபடி அதே பங்க். இந்தத் தடவை சாவியை அவர்களே நீட்டினார்கள். மண்டபத்தில் சாப்பிட்டதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினார். ஏழாவது வரியில் பேனா நின்றது.

"இத்தன வருசமா நீ தண்ணி குடிக்காதது இதுக்குத்தானா?"

"பின்ன?"

"நான் மறதின்னு நெனச்சேன்."

"நீங்க கேட்டீகளா?"

இருபத்துமூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இந்த விஷயம் அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கும் தோன்றியதில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"போயிட்டு வா. ஆனா தினம் மூணு வேளையும் போன் போடுவேன்."

"சாப்பிட்டியான்னு கேக்கவா? ஓட்டும்போது எடுக்க மாட்டேன்."

"சாப்பாட்ட நீ பாத்துக்குவ. போனியான்னு கேப்பேன்."

கட்சுக்குப் போனேன். சொன்னபடியே மூன்று வேளையும் போன் வந்தது, வேறு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாசிக் பக்கத்தில் ஒரு தாபாவில் ஸ்பீக்கரில் இருப்பது தெரியாமல், பத்துப் பேர் நடுவில் "போனியா?" என்று கத்தினார். அங்கே தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. நானும் அவரைவிடச் சத்தமாக, "ரெண்டு தடவ!" என்றேன்.