இரண்டு பேருக்கும் வந்த சூடு

எனக்கு மார்பில் கட்டி வந்தபோது முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன்.

கீமோ தொடங்கும் முன் டாக்டரம்மா, குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். இந்த மருந்து சினைப்பையையும் பாதிக்கும், மாதவிடாய் நின்றுபோகலாம், பிறகு வரலாம், வராமலும் போகலாம் என்றார். மதுரைக்குப் போனால் கருமுட்டையை எடுத்து உறைய வைக்கலாமாம். இரண்டு வாரம் ஆகும். உள்ளே ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும்போது இரண்டு வாரம் எப்படிச் சும்மா இருப்பது? வேண்டாம் என்றேன். கணவரின் அம்மாவிடம், என் அத்தையிடம், இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்தோம்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு மாதவிடாய் நின்றது. ஒரு நாள் காலை அத்தை மீன் அலசிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை சூடு ஏறியது. துண்டால் விசிறினேன்.

அத்தை என்னையே பார்த்தார். "ஏளா, ஒனக்கும் இப்படி வருதா? எனக்கு ஒரு வருசமா வருது."

"மருந்துனால அத்தை."

"எனக்கு அம்பது வயசு ஆச்சு. ஒனக்கு எதுக்கு இப்பவே?"

பொய் சொல்ல வரவில்லை. மதுரை விஷயம் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"எடுத்து வைக்கச் சொல்லுவீங்கன்னு பயந்தேன்."

"சொல்லிருப்பேன்தான்" என்றார். "பேரப்பிள்ள ஆச இல்லன்னு நான் சொன்னா அது பொய்யி."

ஆறுதல் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவர் கையைக் கழுவிவிட்டு, கூடத்திலிருந்த மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

சிகிச்சை முடிந்து பதினொரு மாதம் கழித்து மாதவிடாய் திரும்பியது. முதலில் அத்தையிடம்தான் சொன்னேன். அவர் கண் கலங்கினார். ஆனால் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, முட்டைகள் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன என்றார். இரண்டு வருடம் பொறுத்து முயற்சி செய்யச் சொன்னார்.

அந்த இரண்டு வருடமும் முடிந்துவிட்டது. இதுவரை ஒன்றும் தங்கவில்லை. நான் வேண்டாமென்று சொன்னது சரிதான் என்று சில நாள் தோன்றும். சில நாள் தோன்றாது.

போன மாதம் உடன்குடியில் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. போவதா என்று யோசித்தேன். "நீ வந்தா நானும் போறேன். இல்லன்னா ரெண்டு பேரும் வீட்ல இருப்போம்" என்றார் அத்தை.

போனோம். அந்தப் பெண்ணுக்கு நானும் வளையல் போட்டேன். யாரும் தடுக்கவில்லை.