பாண்டியின் டிரம்ஸை நான் திருத்தினேன்

பாண்டி செத்துப்போனான். நேற்றுக் காலை, சின்னமனூரில், அவனுடைய மோட்டார் வைண்டிங் கடையிலேயே.

முப்பத்து மூன்று வயது. இரண்டு நாளாக நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்றவன், கேஸ் என்று தானே முடிவுசெய்து சோடா வாங்கிக் குடித்திருக்கிறான். மோட்டார் லேசாகச் சூடாகிறது என்று யாராவது சொன்னாலே கழற்றிப் பார்க்காமல் விடமாட்டான்... தன் நெஞ்சுக்கு மட்டும் சோடா. முட்டாள்.

தெரியாதவர்களுக்கு: எங்கள் மூன்று பேர் ராக் பேண்டின் டிரம்மர் அவன். கிட்டாரும் பாட்டும் ஜெபா. பேஸ் கிட்டாரும் ரெக்கார்டிங்கும் நான். இரண்டு வருடமாகச் சொந்தமாக ஒரு ஆல்பம் செய்துகொண்டிருக்கிறோம். எட்டுப் பாட்டு. எதுவுமே பத்து நிமிடத்துக்குக் குறையாது.

நேற்றிலிருந்து என் டைம்லைன் முழுக்க "லெஜண்ட்", "மாபெரும் இழப்பு". உங்களில் சிலர் தேனி மண்டபத்தில் நாங்கள் வாசித்தபோது முன்வரிசையில் இருந்தீர்கள். "தம்பி, குத்துப்பாட்டு ஏதும் தெரியுமா?" என்று கத்தியது யார் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பாண்டி மைக்கை இழுத்துப் பதில் சொன்னான். "தெரியும்ணே. வாசிக்க மாட்டோம்."

அந்த ஆளும் நேற்று அழுகிற ஸ்மைலி போட்டிருக்கிறார்.

ரெக்கார்டிங் நடந்தது கம்பம் பக்கம், ஜெபாவின் மாமாவுடைய திராட்சைத் தோட்டத்து ஷெட்டில். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் சுற்றியுள்ள கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். லைனில் இரைச்சல் ஏறி ரெக்கார்டிங்கில் விழும். ஃபில்டர், எர்த்திங் என்று நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பாண்டி ஃபோனை எடுத்துப் பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டான்.

"மாமா, கொஞ்ச நேரம் மோட்டார நிப்பாட்டுறீகளா? பாட்டு எடுக்கணும்."

ஸ்பீக்கரில் அந்தத் தோட்டக்காரர் குரல்: "எம்புட்டு நேரம்டா?"

"பத்தொம்பது நிமிசம்."

"ஏலே, அது பாட்டா, படமா?"

திட்டிக்கொண்டே நிறுத்தினார். அவர் மட்டுமில்லை, நான்கு தோட்டக்காரர்கள். மோட்டார் எரிந்தால் அன்றைக்கே வந்து நிற்கிறவன் கேட்கிறான் என்பதற்காக.

அந்த அமைதியில் எடுத்த டேக்குகளைத்தான் நான் நாசம் செய்தேன்.

ஏழு எண்ணிக்கையில் போகிற தாளம். கடையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும்போதுகூட அவன் ஏழேழாகத்தான் எண்ணுவான். நடுவில் யார் பேசினாலும் பதில் வராது. ரெக்கார்டிங்கில் ஹெட்ஃபோனுக்குள் தாளக் கணக்குக்கு ஒரு கிளிக் சத்தம் ஓடும்; அதோடு வாசிக்கும்போது ஏழாவது அடியை மட்டும் ஒரு இம்மி தாமதமாகப் போடுவான். கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் பார்த்தால் அது தாளக் கோட்டுக்கு வெளியே நிற்கும். எனக்கு அது எரர். ஒவ்வோர் அடியாகப் பிடித்து இழுத்துக் கோட்டில் வைத்தேன். ஒரு பாட்டுக்கு நான்கைந்து நாள். பெருமையாக வேறு இருந்தது.

காரில் போட்டுக் காட்டினேன். பாதிவரை கேட்டான்.

"இதுல நான் எங்கனடா இருக்கேன்?"

"லேட்டா அடிச்சத சரி பண்ணியிருக்கேன்."

"தெரிஞ்சேதான்டா லேட்டா அடிச்சேன். ஒனக்குக் காது இருக்கா, இல்ல கண்ணு மட்டுந்தானா?"

"ஒன்னால கிளிக் கூடவே போக முடியல. அதுக்கு ஒரு சாக்கு."

ஆமாம். அதைச் சொன்னது நான்தான்.

இறங்கிப் போனவன் மூன்று மாதமாக ஷெட் பக்கம் வரவில்லை. நானும் கடைக்குப் போகவில்லை. அவனே வருவான் என்று இருந்தேன்...

நேற்று அவன் சொந்த ஊர் குச்சனூரில் எல்லாம் முடிந்து திரும்பும்போது ஜெபா சொன்னான்: "இந்த வாரமே ஆல்பத்த விட்டுருவோம்டா. இப்பத்தான் எல்லாரும் அவனப் பத்திப் பேசுறாக." அழுதுகொண்டேதான் சொன்னான். அதனால் அறையாமல் விட்டேன்.

வீட்டுக்கு வந்து ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். அவன் அடித்தது அடித்தபடி இருக்கிற ஒரிஜினல்களை எடுத்து, முதலிலிருந்து மிக்ஸ் செய்யலாம் என்று.

ஐந்து பாட்டுக்கு ஒரிஜினல் இல்லை. டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று, பயன்படுத்தாத ஃபைல்களை மொத்தமாக நீக்கும் பட்டனை எப்போதோ அழுத்தியிருக்கிறேன். டிஸ்க் கெடவில்லை. கரண்ட் போகவில்லை. நான்தான்.

மீதி மூன்றை இன்னும் திருத்த ஆரம்பிக்கவில்லை. மரியாதையெல்லாம் இல்லை. சோம்பேறித்தனம்.

இன்பாக்ஸில் ஆல்பம் எப்போது என்று கேட்கிறவர்களுக்கு: அந்த மூன்று பாட்டுதான் ஆல்பம். மற்ற ஐந்திலும் நான் இழுத்து வைத்திருந்த டிரம்ஸ் டிராக்கை இன்று காலை அழித்துவிட்டேன். பேக்கப்பையும் சேர்த்து.

ஜெபாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன்.

"பைத்தியமாடா நீ? ரெண்டு வருச வேலைடா!"

"அது அவன் அடிச்சது இல்லடா."

இன்னும் கொஞ்சம் திட்டினான். பிறகு, "அந்த மூணுலயாச்சும் கைய வச்சிராத" என்று சொல்லி வைத்துவிட்டான்.

கை வைக்க மாட்டேன்.

போய் வா, பாண்டி.