வெறும் தண்ணீரில் ஒரு கோடு

என் அம்மா பத்மாவதி போன மாதம் இறந்தார். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "நகல் எடுக்கிறேன்" என்பார். ஜெராக்ஸ் கடை என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர் திருத்தியதில்லை.

அவர் நகல் எடுத்தது டி.என்.ஏ.வை. ஒவ்வோர் உயிரணுவும் இரண்டாகப் பிரியுமுன் அதைச் செய்கிறது. இரட்டை இழை விலகும். ஒவ்வொரு பழைய இழையும் அச்சாக நின்று, தனக்குப் பொருந்தும் புதிய இழையை வளர்த்துக்கொள்ளும். உயிரணுவுக்குள் இழைகளை விலக்குவது நொதிகள். ஆய்வகக் குழாயில் சூடு. திரும்பத் திரும்பச் சூடாக்கிக் குளிர்வித்தால் நகல் இரட்டித்துக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத துளி, மதியத்துக்குள் ஜெல் என்னும் கூழ்த் தகட்டில் ஒரு கோடாக ஒளிரும்.

1996இல் அவர் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் ஆய்வகத்தில் ஒப்பந்த ஊழியர். கெப்பாலா பத்தாஸ் பக்கத்து இறால் பண்ணைகளிலிருந்து குஞ்சுகள் சோதனைக்கு வரும். கோடு தெரிந்தால் வைரஸ். குளோரின் ஊற்றித் தொட்டியில் உள்ள எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் தண்ணீரை மட்டும் வைத்துச் சோதிப்பார். அதில் கோடு வரக் கூடாது. வந்தால் பழைய நகல் எங்கோ கலந்திருக்கிறது, அன்றைய முடிவு எதையும் நம்ப முடியாது.

அந்த ஆண்டு ஆயுத பூசைக்கு அம்மா துளி அளந்தெடுக்கும் பிப்பெட்டுகளை எல்லாம் ஒரே துணியால் துடைத்து, ஒரே தாம்பாளத்தில் அடுக்கிச் சந்தனம் வைத்தார். கலவை தயாரிக்கும் அறையின் பிப்பெட்டுகளும், நகல்களைத் தொடும் அறையின் பிப்பெட்டுகளும் அன்றுதான் முதன்முறையாக ஒன்று சேர்ந்தன.

பூசை முடிந்து செய்த முதல் சோதனையில் பண்ணைக்காரர் இஸ்மாயிலின் குஞ்சுகளில் கோடு வந்தது. தண்ணீரிலும் மங்கலாக ஒன்று.

"அது வெறும் நிழல், பத்மா" என்றார் மேலாளர் அம்பிகைபாகன். "இறால்ல பளிச்சுன்னு இருக்கு. குளோரின் ஊத்தச் சொல்லு."

"நிழல் இல்ல சார். நான் துடைச்ச துணி. பழைய நகல் எல்லாத்துலயும் ஒட்டியிருக்கு."

"அடுத்த மாசம் உன் வேலை நிரந்தரமாகணும். யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டுதான் சார் பேசுறேன்."

அம்மாவே பண்ணைக்குத் தொலைபேசி செய்தார். "அண்ணே, எதையும் ஊத்திடாதீங்க. தப்பு என்னுது. பூசையில சாமான் எல்லாம் கலந்துபோச்சு."

இஸ்மாயில் "நீங்க சாமி கும்பிட்டா என் இறாலுக்கு வியாதியா, தங்கச்சி? என்னா லா இது" என்றார்.

"இறாலுக்கு இல்லண்ணே. என் தண்ணிக்குத்தான்."

பிப்பெட்டுகளைப் பிளீச்சில் கழுவி, கலவைகளைக் கொட்டி, புதுத் தண்ணீரில் மறுபடி சோதித்தார். தண்ணீர் சுத்தம். குஞ்சுகளும் சுத்தம்.

வேலை அந்த ஆண்டு நிரந்தரமாகவில்லை. அப்பா அங்கலாய்த்தார். "பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றார் அம்மா. அடுத்த ஆண்டு நிரந்தரமானது. பூசையும் நின்றுவிடவில்லை, அறைக்கு ஒரு தாம்பாளம், ஒரு துணி.

நானும் இன்று அதே துறையில்தான் இருக்கிறேன். தண்ணீர்க் குழாயின் கோட்டை நிழல் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசை வரும் என்று எனக்குத் தெரியும்.

பிறகொரு முறை இஸ்மாயிலின் குஞ்சுகளில் மெய்யாகவே கோடு வந்தது. தண்ணீரில் ஒன்றுமில்லை. அம்மா தொலைபேசி செய்தார்.

"தண்ணி சுத்தமா, தங்கச்சி?"

"சுத்தம்ணே."

இஸ்மாயில் வேறெதுவும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாத் தொட்டிகளிலும் குளோரின் ஊற்றிவிட்டார்.