அக்கா வரைபடம் பிடித்த நாள்

அந்தச் சனிக்கிழமை எனக்கு நடந்த அநியாயங்கள், நடந்த ஒழுங்கில்:

1. காரின் முன் இருக்கை அக்காவுக்குக் கொடுக்கப்பட்டது.
2. வரைபடமும் அவளிடமே கொடுக்கப்பட்டது. அதை அவள் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.
3. பாண் பொதியில் முதல் துண்டு அவளுக்கு. இரண்டாவது துண்டும் அவளுக்கு.
4. மழை தூறியதும் அப்பாவின் கோட் அவள் தோளில் ஏறியது. எனக்கென்று ஒரு கோட் இருந்தது, ஆனாலும்.
5. மலை விடுதியில் யன்னலோரக் கட்டில் அவளுக்கு.

அக்கா என் கூடப்பிறந்தவள் இல்லை, பெரியப்பாவின் மகள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து, லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டில், என் அறையில், என் மேசையின் பாதியில் இருந்தாள். எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினான்கு. மேசையைப் பங்கிடலாம் என்று நான் ஒருவாறு சம்மதித்திருந்தேன். பாதையைப் பங்கிட என்னால் முடியவில்லை.

பாதை எனக்கும் அப்பாவுக்கும் மட்டுமானது. வேல்ஸ் மலைகளுக்கு ஊடாகப் போகும் நீண்ட நடைபாதை ஒன்றை, வருடத்துக்கு ஒரு துண்டாக நடந்து முடிப்பது எங்கள் திட்டம். லண்டனிலிருந்து விடியமுன் புறப்பட்டு, பகல் முழுக்க நடந்து, பொழுதுபட முன் ஒரு மலை விடுதியில் போய்ச் சேருவோம். அம்மா வர மாட்டா. தம்பி கைக்குழந்தை, தவிர, லீவு எடுத்துக்கொண்டு போய் மலையேறுகிறவர்களின் புத்தியில் அவவுக்கு நம்பிக்கை இருந்ததில்லை. வரைபடம் பிடிப்பது என் வேலை. நான் பிழையாகத் திரும்பினால் அப்பா திசைகாட்டியைக் கையில் தந்துவிட்டு, நானே சரியான வழியைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருக்கும் அப்பாவைத்தான் எனக்கு உலகத்திலேயே மிகவும் பிடிக்கும்.

அந்த வருடம் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, குசினிக்குள் அம்மா மெதுவாகச் சொல்வது படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"வெறும் வயித்தில சொல்லிப்போடாதேங்கோ. வடிவாச் சாப்பிட வைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

"ஓம். அங்க கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுறன்," என்றார் அப்பா. "இந்த வீட்டுக்குள்ள வைச்சு அவளுக்குச் சொல்ல எனக்கு ஏலாது."

அக்காவுக்கு ஏதோ பெரிய பரிசு வரப்போகிறது என்று முடிவு செய்தேன். சைக்கிளாக இருக்கலாம். அல்லது என் அறை முழுவதுமே. எங்கள் பாதையில் வைத்து, என் கண் முன்னாலேயே, அது அவளுக்கு அறிவிக்கப்படப் போகிறது. அந்தக் கிழமை முழுக்க அம்மா சாமிப் படங்களுக்கு விளக்கேற்றவில்லை. மீன் சமைக்கவில்லை. நடைக்கு வழமையாகத் தரும் மீன் கட்லெட்டுக்குப் பதிலாகப் பாணுக்குள் கிழங்குக் கறி வைத்துக் கட்டினா. எல்லாவற்றையும் கவனித்தேன். கட்லெட் இல்லாததற்கு மட்டும் கோபப்பட்டேன்.

முதல் ஏற்றம் முடிந்ததும் அப்பா பொதியை அவிழ்த்தார்.

"சாப்பிடு பிள்ளை."

"காணும் சித்தப்பா."

"இன்னொண்டு எடு. நடக்கிற உடம்பு."

அவள் சாப்பிட்டாள். அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைத் துடைத்ததும் தொண்டையைச் செருமினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "சரி, நடப்பம்," என்றார். ஓடைக்கரையில் அவளுக்குச் சொக்லேட், மதிலோரம் அப்பிள், கம்பி வாசலடியில் பிஸ்கட். ஒவ்வொரு தடவையும் அதே செருமல், அதே "நடப்பம்."

மத்தியானத்துக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. விடுதி இடது பக்கம். அக்கா வலது பக்கம் காட்டினாள்.

"அப்பா, அது பிழை. ஏரியைச் சுத்திக்கொண்டு போகும்."

"போகட்டும்."

"நான் பிழை விட்டா மட்டும் விடமாட்டீங்கள்!"

"இண்டைக்கு அக்கா சொல்லுற வழி."

"அவவுக்கு வடக்கு எதெண்டே தெரியாது!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வடக்கில இருந்துதானடி வந்தனான்."

அப்பா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் அவளுக்காக. ஏரியைச் சுற்றி நடந்தோம். நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். அப்பா நிற்கவில்லை, போய்ச் சேர அவருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

விடுதி ஒரு கருங்கல் வீடு. சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு, மற்ற நடைக்காரர்களோடு நீண்ட மேசையில் அமர்ந்தோம். சூப், பாண், மக்கரோனி. அக்கா தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அப்பா எழுந்தார்.

"பிள்ளை, ஒருக்கா வெளியில வா." என்னிடம், "நீ இரு."

யன்னலால் பார்த்தேன். கோடைகாலம், வெளிச்சம் இன்னும் இருந்தது. இருவரும் கல்மதிலில் அமர்ந்தார்கள். முதலில் பேசியது அக்காதான். அப்பா முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அவள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா அழுது நான் அதுவரை கண்டதில்லை. அதையும் அவளுக்குத்தான் காட்டினார்.

சிறிது நேரத்தில் அக்கா தனியாக உள்ளே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"என்ர அப்பா செத்துப்போனார்," என்றாள். "ஷெல் விழுந்து."

சைக்கிள் இல்லை என்பது எனக்கு விளங்கியது. அவள் மேசையில் இருந்த அப்பாவின் தட்டை எடுத்தாள். மக்கரோனி அப்படியே ஆறிப்போயிருந்தது.

"சித்தப்பா காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. நீ பாக்கேல்லையே?"

நான் பார்க்கவில்லை. அவள் தட்டோடு வெளியே போனாள்.

விளக்கேற்றாத நாளிலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்று அக்கா பல வருடங்கள் கழித்துச் சொன்னாள். "சித்தி என்ர முகத்தைப் பாக்காமத் திரிஞ்சா. அதில ஆரெண்டும் தெரிஞ்சுது."

"பிறகேன் அவ்வளவையும் சாப்பிட்டனீங்கள்?"

"நான் சாப்பிட்டாத்தானே அவர் சொல்லுவார்?"

ஏரிப் பாதையைப் பற்றியும் கேட்டேன். அது மட்டும் உண்மையாகவே தெரியாமல் காட்டியதாம்.

அன்றிரவு நான் அக்காவுக்காகக் கவலைப்பட்டேன். யன்னலோரக் கட்டிலைக்கூட மன்னித்தேன். அவளுக்கு அப்பா இல்லாமல் போய்விட்டது என்பது விளங்கியது. பெரியப்பா, பெரியப்பா என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தும், என் அப்பாவுக்கு அண்ணை இல்லாமல் போய்விட்டது என்பது எனக்கு விளங்கவில்லை. அதை எவரும் அவருக்குச் சாப்பாடு கொடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பாதையின் கடைசித் துண்டு இன்னும் நடக்கப்படவில்லை. அப்பாவின் முழங்கால் இனி விடாது. அக்கா லூயிஷாமில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா முதலில் அவளுக்குத்தான் போன் எடுப்பார், பிறகுதான் எனக்கு. எனக்கு இன்னமும் எரிகிறது.