செல்வராஜ் மூடிய வால்வு

"ஹவ் காலமானார். சாயந்திரம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள்." நம் பழைய ஆய்வக வாட்ஸ்அப் குழுவில் செய்தி இப்படித்தான் வந்தது. கச்சிபௌலி நெரிசலில் நின்றிருந்த காரில் படித்தேன். அந்த மனிதருக்குச் செல்வராஜ் என்று ஒரு பெயர் இருந்தது உங்களுக்கு நினைவில்லை. கைகூப்பும் படங்களை மட்டும் வரிசையாகப் போட்டிருந்தீர்கள்.

தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்குச் செகந்திராபாத் வந்த குடும்பம். தமிழ் பேசுவார், ஆனால் 'ஆமாம்' என்று மட்டும் அவர் வாயில் வராது. ஊர் வழக்கப்படி 'ஹவ்'தான். தார்நாகா ஆய்வகத்தில் வெற்றிடக் கலனின் பம்புகளை ஓட்டியவர் அவர். "பம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது சார்" என்பார்.

ஒரு மதியம் பம்பு நின்றுபோனது. உடனே வால்வை மூடாவிட்டால் பம்பின் எண்ணெய் கலனுக்குள் ஏறிவிடும். செல்வராஜ் பொத்தானை அழுத்தினார். மூடியதாகப் பச்சை விளக்கும் எரிந்தது. இருந்தும் எண்ணெய் ஏறி, ஆறு மாத உழைப்பு பாழானது.

விசாரணைக்குத் திருச்சியிலிருந்து புதிதாக வந்த அதிகாரி உட்கார்ந்தார்.

"வால்வை மூடினீங்களா?"

"ஹவ் சார்."

அவர் காதில் அது ஆங்கிலமாக விழுந்தது. "எப்படின்னு என்னையே கேக்கறீங்களா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை. செல்வராஜை ஸ்டோருக்கு மாற்றினார்கள், 'ஹவ்' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்துப் பேனலைத் திறந்தேன். உள்ளே ஒரு துண்டு சிவப்பு வயர். வால்வு மூடியதை விளக்குக்குச் சொல்லும் சுவிட்ச் கெட்டபோது, இரண்டு நாளைக்கென்று பொத்தானையும் விளக்கையும் நேராக இணைத்தவன் நான்தான். மறந்தே போனேன். வால்வு பாதியில் சிக்கினாலும் பொத்தானை அழுத்தினால் பச்சை எரியும். அன்று நடந்ததும் அதுதான். வயரை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுவாரம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல்.

பிறகு ஒருநாள் கேன்டீனில் அவரே கேட்டார்: "இப்ப லைட் ஒழுங்கா எரியுதா சார்?"

"ஹவ்" என்றேன், அவரைப் போலவே இழுத்து. மேசை முழுக்கச் சிரிப்பு. டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் எழுந்து போனார்.

இறுதிச் சடங்கன்று குஷாய்குடா வீட்டில் அவர் மகள் என்னைத் தனியே அழைத்தாள். "அப்பா கடைசி வரைக்கும் அதத்தான் சொல்லிட்டு இருந்தாரு. நிஜமா வால்வ் க்ளோஸ் பண்ணாரா அங்கிள்?"

"ஹவ்மா. தப்பு என்னோடது."

"கைக்கு அங்கிள்?" ஊர் வழக்கில் 'ஏன்' என்று கேட்டாள். "அப்பா இருக்கறப்ப ஏன் சொல்லல?"

அவர் ஞாபகமாக என்னிடம் இருப்பவை அந்தக் கேள்வியும் ஒரு துண்டு சிவப்பு வயரும்தான். நண்பர்களே, இனி அவரைச் செல்வராஜ் என்றே எழுதுங்கள். அந்தப் பட்டப்பெயரை எனக்கு வைத்துவிடுங்கள்.