நாலாவது ஆள்

வாகனத்தை நிற்பாட்டியதும் மச்சான் முதலில் பார்த்தது மலையை அல்ல, மரங்களை. எல்லா மரத்திலும் மேற்குப் பக்கம் மட்டும் பனி அப்பியிருந்தது. "காத்து இந்தப் பக்கத்தாலை அடிச்சிருக்கு அத்தான். கிழக்குச் சரிவிலைதான் பனியைக் கொண்டுபோய்க் குவிச்சிருக்கும். அடியிலை மழை பெய்து இறுகின ஐஸ். அங்காலை கால் வைக்கிறேல்லை," என்றான்.

மச்சான் என் மனைவியின் தம்பி. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். கிரான்பர்னில் ஒரு பழைய வானோடு தொடங்கி இன்று பஸ் கொம்பனி வைத்திருக்கிறேன். மெல்பேர்னில் எங்கள் சனத்தைப் பனி பார்க்கக் கூட்டிப்போன முதல் ஆள் நான்தான். இல்லையென்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம். பஸ் போகாத இடத்துக்கு என்னை நடக்கப் பழக்கியவன் மச்சான். அவனுடைய சட்டம், ஆளுக்கொரு பீக்கன். நெஞ்சில் கட்டுகிற சின்னக் கருவி. பனி மூடினால் எங்கே கிடக்கிறோம் என்று மற்றவனின் கருவிக்குக் காட்டிக்கொடுக்கும்.

அன்று வீட்டிலிருந்து மச்சான், அவனுடைய சிநேகிதன், நான், மூன்று பேர்தான் போக இருந்தோம். மூன்று பீக்கன். சிட்னியிலிருந்து வந்து நின்ற என் அண்ணர், "மூண்டு பேராய் வெளிக்கிடக் கூடாது. நானும் வாறன்," என்று சப்பாத்தை மாட்டினார்.

"ஒரு கல்லைப் பையுக்கை போடுவம் அண்ணை, நாலாய்ப் போயிடும்," என்று மச்சான் பகிடி விட்டான். அண்ணரின் முகம் கறுத்தது. மூத்தவரை மறிக்க ஏலாமல் மச்சான் தன் பீக்கனைக் கழற்றி அவருக்குக் கட்டினான். என்னுடையதைத் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை.

திரும்பும்போது அண்ணருக்குக் கால் உளைந்தது. முகட்டு வழி சுற்று என்று, சொல்லாமல் கொள்ளாமல் கிழக்குச் சரிவில் இறங்கினார். மச்சான் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினான். சரிவு, சேலை கிழிகிற மாதிரி நீளத்துக்கு வெடித்து, பனி பாளமாய்ச் சரிந்து இறங்கியது. அண்ணர் ஓரத்தில் இடுப்பளவு புதைந்து நின்றார். மச்சானைக் காணவில்லை.

எங்கள் கருவிகள் இரண்டும் அண்ணரைத்தான் காட்டின. கண்ணுக்கு முன்னால் நின்று அழுகிற மனிசனைக் காட்டக் கருவி எதற்கு? நீளக் கம்பியால் பனியைக் குத்திக் குத்தி, தோண்டி மச்சானை எடுத்தபோது மூச்சு இல்லை.

செத்தவீட்டில் எல்லாரும் விதி என்றார்கள். என்ன விதி? காற்று எங்கே குவித்ததென்று அவன் காலையிலேயே சொன்னான்.

போன கிழமை சிட்னியிலிருந்து அண்ணர் போன் எடுத்தார். "இஞ்சை ஹெலன்ஸ்பர்க் கோயிலிலை அபிஷேகம் வைச்சிருக்கிறன். அண்டைக்கு என்னைக் காப்பாத்தினதுக்கு. நீயும் வா."

"காப்பாத்தினவன்ரை பெண்சாதி இஞ்சை கிரான்பர்னிலை இருக்கிறாள். அவளோடை ஒரு வார்த்தை கதைச்சனீங்களோ?"

"என்னெண்டு கதைக்கிறது?"

"அபிஷேகத்துக்கு வாய் வருகுதுதானே. முதல் இஞ்சை வாங்கோ."

வைத்துவிட்டார். வைக்கட்டும். விமான நிலையத்துக்கு என் பஸ்ஸையே அனுப்புவேன், நானே ஓட்டியும் வருவேன். அந்த வீட்டு வாசலில் அவர்தான் ஏற வேண்டும்.